தண்டுவடத்துக்காக ஓர் உரத்த ஜெபம்

ஜூன் 3, 2024

கல்லூரிப் படியில் இன்றும் செருப்பு கழன்றது. கழன்றதே தெரியவில்லை, பின்னால் வந்த என் மாணவி எடுத்துத் தந்தாள். இடது கால் அங்கேதான் இருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வர்ம ஆசான் வாயு என்று சொல்லி எண்ணெய் தந்தார். அம்மாவைக் கேட்டால் புத்தகம்தான் காரணம்: ஒரே இடத்தில் குத்தவைத்து வாசித்தால் கால் மரத்துத்தான் போகுமாம். செப்டம்பர் 12 ஜெபிஷோடு கல்யாணம். "ஜெபிஷ் வீட்டுக்காரங்க முன்ன நொண்டாம நட, கேட்டியா?"

ஜூன் 8

திருவனந்தபுரம். ஸ்கேன். தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் உறையில் ஒரு கட்டி, உள்ளே நரம்பை நெருக்குகிறது. மெனிஞ்சியோமா. அபூர்வம், அதுவும் பெரும்பாலும் நடுவயது தாண்டிய பெண்களுக்கு வருவதாம். இருபத்தேழில் எனக்கு என்ன அவசரம்?

"பேடிக்கண்டா மோளே. எடுத்துக் களையாம். ஆனா வச்சோண்டிருந்தா நடை போகும்," என்றார் மலையாள டாக்டர். பயப்பட வேண்டாம், எடுத்துவிடலாம்; தள்ளிப்போட்டால்தான் நடக்க முடியாமல் போகுமாம்.

திரும்பும்போது காரில் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "தழும்பு பிளவுசுக்கு மேல தெரியுமாட்டி?"

ஜூன் 9

தீர்மானம் ஆகிவிட்டது (அம்மா செய்தது). முதலில் கல்யாணம், பிறகு ஆபரேஷன். "தாலி கெட்டின பெறவு அவனுக்க பொறுப்பு." ஜெபிஷிடம் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். "ஏட்டி, நாக்க அறுத்துப்போடுவேன்." அப்பா வழக்கம்போல அபிப்பிராயம் இல்லாதவர்.

வாசித்துப் பார்த்தேன். உறைகள் மூன்று. வெளியே இருப்பதற்கு லத்தீனில் 'கடினமான தாய்' என்று பொருள்படும் பெயர். வைத்தவன் எங்கள் வீட்டுக்கு வந்துபோயிருக்க வேண்டும்.

ஆனாலும் — போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். நாக்கு இன்னும் இருக்கத்தானே செய்கிறது?

ஜூன் 12

வலது காலும்.

ஜூன் 14

ரத்தினம் பெரியம்மையிடம் "மட்டும்" சொல்லியிருக்கிறாள் அம்மா. பெண்கள் ஐக்கியத்தின் செயலாளரிடம்! "ஜெபத்துக்குத்தான்ட்டி சொன்னேன்." எங்கள் சபையில் கண்ணைத் திறந்துகொண்டு சொன்னால் புறணி, மூடிக்கொண்டு சொன்னால் ஜெபம்.

ஜூன் 15

எங்கள் முறை, வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு, வாசிப்பு, எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஜெபிஷின் மாமி ராஜமணி, சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர், கூட்டங்களுக்கு வந்தே பார்த்ததில்லை. இன்று பார்த்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அம்மா பெரியம்மைக்குக் கண் காட்டினாள். பெரியம்மையோ ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தார்.

"தகப்பனே, இந்த வீட்டுப் பிள்ள லிஜாவுக்க முதுகுத்தண்டுல வளருத கட்டிய..."

ஜெபத்தில் குறுக்கிட எங்கள் ஊரில் ஆயருக்கே துணிச்சல் கிடையாது. அம்மா தனக்குத் தெரிந்த ஒரே வழியில் முடித்துவைக்கப் பார்த்தாள்: "ஆமென்!"

பெரியம்மைக்கு உற்சாகம் கூடிவிட்டது. "...ரெண்டு காலும் மரத்துப்போச்சே, ராஜாவே!"

"ஆமென்! ஆமென்!"

"...கல்யாணம் முடியட்டும், பெறவு அறுக்கலாம்னு மறச்சு வச்சிருக்காங்களே ஆண்டவரே, அதுவரைக்கும் தாங்கும்!"

கூடியிருந்த எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். ராஜமணி மாமி இரண்டையும் திறந்திருந்தார்.

ஜூன் 16

ஜெபிஷ் போன் செய்தான்.

"உள்ளதா?"

"உள்ளதுதான்."

"நீ சொல்லியிருக்கலாம்."

சொல்லியிருக்கலாம். "மொதல்ல ஆபரேஷன் முடியட்டும், பெறவு பேசலாம்னு அம்ம சொல்லுகா," என்றான்.

அம்மா கட்டிலில் கிடந்து அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லாததால் காத்திருக்கவும் காரணமில்லை. அப்பாவே டாக்டரைக் கூப்பிட்டு நாள் வாங்கிவிட்டார். ஆக, என் கால்களுக்காக இப்போதைக்கு நான் நன்றி சொல்ல வேண்டியது ரத்தினம் பெரியம்மையின் வாய்க்கு. என்ன கேவலம்!

ஜூன் 26

நாளை. பயமாக இருக்கு. அவ்வளவுதான்.

ஜூன் 29

இடது பெருவிரல் அசைந்தது. நர்ஸ் கேட்காமலே திரும்பவும் அசைத்துக் காட்டினேன்.

ஜூலை 13

கட்டியின் பரிசோதனை முடிவு வந்தது. அபூர்வத்திலும் அபூர்வம்: கிளியர் செல் என்ற வகை. முழுவதும் எடுத்தாகிவிட்டது, இருந்தாலும் திரும்பி வரக்கூடியதாம். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். பெரியம்மை பார்க்க வந்து, "நம்ம சபையில இது ஆருக்கும் வந்ததே இல்ல மக்கா," என்றார். பரிசு வாங்கியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஜூலை 21

ஜெபிஷ் ஆப்பிளோடு வந்தான். கட்டி திரும்பி வரக்கூடும் என்பதை நானே சொன்னேன், முழுதாக. அடுக்களையில் அம்மா பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். அவன் ஆப்பிள்களைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல லிஜா. நான் தாலி கெட்டுகேன். அம்மைட்ட மட்டும் இத சொல்லாண்டாம். முழுசா சொகமாச்சுன்னு சொல்லுவோம்."

"ஸ்கேனுக்குப் போவும்போ?"

"துணி எடுக்கப் போறோம்னு சொல்லலாம்."

நல்லவன்தான். என் அம்மாவுக்கு இவனைவிடப் பொருத்தமான மருமகன் கிடைக்கவே மாட்டான்.

"வேண்டாம் ஜெபிஷ்."

"எது வேண்டாம்? மறைக்கதா, கல்யாணமா?"

"ரெண்டும்."

அவன் போனபிறகு அழுதேன். எதுக்கு அழணும்? நான்தானே சொன்னேன்? தெரியல. அழுகை வந்தது, அழுதேன். ஆப்பிள் ஒன்றைத் தின்றேன். மாவாக இருந்தது.

செப்டம்பர் 12

கல்யாண நாளாக இருந்திருக்க வேண்டியது. அம்மா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனால் சோற்றைக் கட்டி வைத்திருந்தாள்.

கல்லூரிக்குப் போகக் குழித்துறையில் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு தக்கலை வரை இரண்டு காலிலும் நின்றேன். யாருக்கும் எழுந்து இடம் தரத் தோன்றவில்லை.