கொடிக்கு முன்னால் வெறுங்கால்

11-8-66, வியாழன்

மழை. விடிந்ததிலிருந்து விடவில்லை. சுவர்க்கடிகாரம் ஏழு நிமிஷம் தாமதம். சாவி கொடுத்தாயிற்று.

டிரங்குப் பெட்டியிலிருந்து கொடியை எடுத்தேன். பாச்சை உருண்டை வாசனை. பச்சைப் பட்டை ஓரத்தில் பூச்சி அரித்த ஒரு ஓட்டை. தைத்துவிட்டேன். வெளியே தெரியாது. எனக்குத் தெரியும்.

பதினைந்தாம் தேதிக்கு வேண்டியவை:
கயிறு, புதிது. (போன வருஷத்தது மழையில் ஊறிக் கப்பியில் மாட்டிக்கொண்டது.)
மூங்கில், முதல் மாடி விசாலம் மாமி வீட்டில் துணி உலர்த்துவது. இரவல்.
காகிதக் கொடி 12, குண்டூசி 12.
ஆரஞ்சு மிட்டாய்.
செவ்வந்தி, கொடிக்குள் உதிர்த்து மடிக்க. மார்க்கெட்டில் நனையாத பூ கிடைக்குமா?

அவர் இருந்தவரை இந்த முற்றத்துக் கொடியேற்றம் அவர் பொறுப்பு. ஆறு வருஷமாக என் பொறுப்பு. வீடுகளில் பாதி தமிழர், பாதி மராட்டியர். பெரியவர்கள் பால்கனியில் நின்று பார்ப்பார்கள். வரிசையில் நிற்பது பிள்ளைகள் மட்டும், பன்னிரண்டு பேர்.

மாலை ஐந்துக்கு ஒத்திகை, மாடிப்படிக்கு அடியில். விதிகள் மூன்றே மூன்று. நேரத்துக்கு வர வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். வெள்ளை உடுப்பு, வெள்ளை ஷூ. கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்கு இருபத்தைந்து விதிகள்.

கீழ்த்தளத்து சாவந்த் வீட்டுக் குஸும் (எட்டு வயது, மூன்றாம் வகுப்பு) வெறுங்காலோடு வந்து நின்றாள். "ஜூத்தா கஹாங்?" என்றேன், ஷூ எங்கே என்று. தன் காலையே பார்த்தாள். "இது முனிசிபாலிட்டி குழாயடி இல்லை. ஷூவோடு வா, இல்லாவிட்டால் வராதே" என்றேன், பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ். மற்றவை சிரித்தன. அவள் போய்விட்டாள். அழவில்லை. அழாத பிள்ளை நல்ல பிள்ளை.

பாட்டு மோசம். ஆரம்பச் சுருதியே உச்சத்தில், கடைசி வரியில் கத்தல். தினமும் சொல்கிறேன்.

மாடி ஏறும்போது படியோரம் ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பளிச்சென்று வெள்ளை, முனை சுவர்ப் பக்கம், ஒன்றையொன்று ஒட்டி. யார் பிள்ளையுடையதோ. ஒரு வீட்டிலாவது ஒழுங்கு இருக்கிறது.

இரவு ரசம் சாதம். முழங்கால் வலி பரவாயில்லை.

12-8-66, வெள்ளி

மழை, இடையில் அரை மணி வெயில். தலையணை உறைகளை ஓடி ஓடிக் காயப் போட்டு, ஓடி ஓடி எடுத்தேன்.

ரேஷனில் சர்க்கரை வரவில்லை. பர்பி கிடையாது, மிட்டாய்தான்.

ஒத்திகைக்கு ஒன்பது பேர். குஸும் இல்லை. அவள் எதிர்வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் இல்லை. முதலில் ஜலதோஷம் என்று நினைத்தேன். இரண்டு பேரும் முற்றத்துத் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓட்டம்.

விசாலம் மாமி மூங்கில் கொடுக்க வந்தாள். கொடுத்த பிறகும் போகவில்லை.

"ரோஸ் மாமி, கோச்சுக்கப்படாது. நாள் சரியில்லே. ஸ்டேஷன் செவுத்துல கரியால எழுதியிருக்கான் பாத்தேளா? மதராஸியெல்லாம் மூட்டையக் கட்டுங்கோன்னு. இந்த நேரத்துல அவா பொண்ணப் போய் வரிசையிலேர்ந்து அனுப்பிச்சுட்டேளே!"

"நான் பொண்ண அனுப்பல மாமி. வெறுங்கால அனுப்பினேன். ஒங்க லலிதா வந்து நின்னாலும் அதேதான்."

"அது நேக்குத் தெரியும். அவாளுக்குத் தெரியணுமே."

"தெரியாட்டா வந்து கேக்கட்டும்."

"நன்னாருக்கு. அவா கேக்க வரமாட்டா. அவா பசங்க வரமாட்டா. நம்ம பசங்க மட்டும் நின்னு பாடினா அது கொடியேத்தமா மாமி, இல்ல வேற ஏதாவதா?"

மாமி எப்போதும் பெரிதுபடுத்துவாள். ஆனால் கடைசிக் கேள்வி பெரிதுபடுத்தல் இல்லை.

பன்னிரண்டில் ஒன்பது. அவர் காலத்தில் ஒரு வருஷமும் யாரும் குறைந்ததில்லை.

13-8-66, சனி

தூறல். மார்க்கெட்டில் செவ்வந்தி அழுகல். திங்கள் காலையில் புதிது வரும் என்கிறான். நம்புவதற்கில்லை.

லலிதா காகிதக் கொடி ஒட்ட வந்தாள். பத்து வயது, வாய் ஓயாது, கை சுத்தம். பசை தடவிக்கொண்டே சொன்னாள்:

"ஆன்ட்டி, குஸும்கிட்ட ஷூ இருக்கு. ஏக்தம் நயா, புத்தம் புதுசு. ஸ்கூலுக்குப் போட்டுண்டு வராளே."

"அப்ப ஏன் போடாம வந்தா?"

"அவ பாபா சொன்னாராம். ஜண்டாவும், அதான் கொடியும், கணபதி மாதிரிதான், முன்னாடி செருப்புப் போட்டுண்டு நிக்கப்படாதுன்னு. அவ படியிலயே கழட்டி வெச்சுட்டு வந்தா. நான் பாத்தேன்."

"அத அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே." கொஞ்சம் கழித்து, "எல்லாரும் சிரிச்சா. நானும் சிரிச்சுட்டேன்."

படியோரத்து ஷூ. ஒழுங்கான வீடு என்று நானே எழுதியிருக்கிறேன், இரண்டு பக்கம் முன்னால். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

எங்கள் ஊர் மாதா கோவிலில் நாங்களும் செருப்பை வெளியே விட்டுத்தான் பூசைக்குப் போவோம். வாசல் மணலில் செருப்புக் குவியல். மடத்துச் சிற்றாலயத்தில் பாலிஷ் போட்ட ஷூவோடு. ஷூ இல்லையென்றால் மதர் வெளியே நிறுத்துவார். இரண்டு இடத்திலும் முழங்கால் போட்டிருக்கிறேன். எது மரியாதை என்று ஒரு நாளும் எனக்குக் கேள்வி வரவில்லை. நல்ல மாணவி.

மாலை பாவசங்கீர்த்தனம். திங்கள்கிழமை மாதா திருநாள் என்பதால் நல்ல கூட்டம். கோவாக்காரச் சாமியாரிடம் இங்கிலீஷில் என் பாவப் பட்டியலைச் சொல்லி, கடைசியில், "ஒரு குழந்தையிடம் பொறுமை இழந்தேன்" என்றேன். மூன்று அருள் நிறைந்த மரியாயே ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. நான் பொறுமை இழக்கவில்லை. நன்றாகப் பொறுமையோடுதான் அவளை அவமானப்படுத்தினேன். அதைச் சொல்லவில்லையே.

14-8-66, ஞாயிறு

பலத்த மழை. தண்டவாளத்தில் தண்ணீராம், ரயில்கள் தாமதம். பூசைக்குக் குடையோடு நடந்தே போய் வந்தேன். புடவைக் கரை முழுக்கச் சேறு.

பதினொன்றுக்கு சாவந்த் வீட்டுக்குப் போனேன். கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. மிட்டாய் கொண்டுபோனால் லஞ்சம் போலிருக்கும்.

சாவந்த் மில்லில் கிளார்க். நாற்பது வயது இருக்கும். பனியனோடு இருந்தவர் என்னைப் பார்த்ததும் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அதைக் கவனித்தேன். நாற்காலி போட்டார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தாள், ஏலக்காய் தட்டிப் போட்டு. வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு, வரிசையாக.

அவருக்கு இங்கிலீஷ் சுமாராக வரும். என் ஹிந்தியைவிட மேல். பிசகு நடந்துவிட்டது, உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது, வருத்தப்படுகிறேன் என்றேன். உட்காரும்போதே வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். தடங்கலில்லாமல் வந்தது.

"அரே, மாஜி, நீங்க பெரியவங்க. இதுக்கெல்லாம் வரணுமா? பச்சோங் கி பாத் ஹை" என்றார். குழந்தைகள் சமாச்சாரம், விடுங்கள் என்று. சிரித்தார். ஆனால் நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. நானும் நேராகக் கேட்கவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "ஸப்கே ஸாம்னே போலா தா."

எல்லார் முன்னாலும்தானே சொன்னாள், என்று.

சாவந்த் மராட்டியில் ஒரு அதட்டல் போட்டார். திரை அசையவில்லை. "அவள் சொல்லட்டும்" என்றேன். திரைக்குக் கீழே இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது.

மேலே வந்து கோபம். எட்டு வயது. எனக்கு அறுபத்தெட்டு. கீழே இறங்கிப் போய், தேநீர் குடித்து, பெற்றவர்களிடம் வருத்தம் சொன்னது போதாதாம். எங்கள் காலத்தில் ஒரு மதர் எங்களிடம் வந்து வருத்தம் சொன்னதுண்டா? இல்லை. ஒரு தடவை சொல்லியிருக்கலாம். செய்யாத தப்புக்கு ஒரு நாள் முழுக்க மணிக்கூண்டுக்கு அடியில் நின்றேன். மறுநாள் மதருக்கு உண்மை தெரிந்தது. தலையைத் தடவிவிட்டுப் போனார். தடவியபோது யாரும் பார்க்கவில்லை. நின்றபோது எல்லாரும் பார்த்தார்கள்.

இதை ஐம்பத்தைந்து வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம்கூட.

மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை. மோர் குடித்தேன்.

ஒத்திகை இல்லை. மிட்டாய் எண்ணிப் பொட்டலம் கட்டினேன். பன்னிரண்டு.

15-8-66, திங்கள், மாதா திருநாள்

எழுத நிறைய. கை வலிக்கிறது. சுருக்கமாக.

ஆறு மணிப் பூசை. ஏழரைக்கு மழை நின்றது. செவ்வந்தி கிடைத்தது, ஈரம். துணியில் ஒற்றி, இதழ் உதிர்த்துக் கொடிக்குள் மடித்தேன். மூங்கிலை முற்றத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் கட்டியாயிற்று. எட்டுக்குக் கொடி. எட்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் ஒன்பது பேர் வரிசையில், ஷூ சாக்ஸோடு, நகம் சுத்தம். பால்கனிகளில் பெரியவர்கள். தமிழ் வீடுகள் எல்லாம். மராட்டியர் சிலர் மட்டும்.

குஸும் கீழ்த்தளத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கவுன், தலையில் ரிப்பன், வெறுங்கால். வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு அண்ணன் தம்பி. சாவந்த் ஜன்னலில்.

கயிற்றைக் கையில் எடுத்தேன். எட்டு அடித்தது. இழுக்கவில்லை. லலிதா, "ஆன்ட்டி, டைம்" என்றாள். நேரம் தவறாதே என்று நான் சொல்லிக் கொடுத்தவள்.

கயிற்றைக் கட்டிவிட்டு வரிசையைப் பார்த்து நின்றேன். தமிழில் சொன்னால் அவளுக்குப் புரியாது. இங்கிலீஷில் சொன்னால் பாதிப் பிள்ளைகளுக்குப் புரியாது. ஹிந்தியில் சொல்ல வேண்டும். என் ஹிந்தி காய்கறிக்காரனோடு பேசுகிற ஹிந்தி.

வியாழக்கிழமை குஸுமை நான் திட்டினேன். அவள் தப்பு செய்யவில்லை. அவள் மரியாதை செய்தாள், எனக்கு அது தெரியவில்லை. தப்பு என்னுடையது. இதைத்தான் சொன்னேன். சொன்ன விதம் வேறு. முதல் வாக்கியத்திலேயே வரிசையில் ஒரு கிளுக். இரண்டாவதில் ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டான். 'என்னுடையது' என்ற இடத்தில் லலிதா மெதுவாக, "மேரா இல்ல ஆன்ட்டி, மேரி" என்று எடுத்துக் கொடுத்தாள். அவள் சொன்னபடி திருப்பிச் சொன்னேன். மேலே பால்கனியில் விசாலம் மாமி, "ஈச்வரா" என்றது எல்லாருக்கும் கேட்டது. என் காது எரிந்தது. ஆனால் நிறுத்தவில்லை. "மாஃப் கரோ, குஸும்", மன்னித்துவிடு என்று, பெயரைச் சொல்லி முடித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை, அந்த இடத்தில் மட்டும்.

குஸும் உடனே எழுந்திருக்கவில்லை. யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், முகத்தில் தெரிந்தது. பிறகு, "ஜூத்தா பெஹன்கே, கி பினா?" ஷூவோடா, இல்லாமலா?

"உங்கள் வீட்டில் எப்படியோ அப்படி" என்றேன்.

"டீக் ஹை" என்றாள், ஏதோ கணக்கு சரிபார்த்தவள் மாதிரி. ஈரத்தில் நடந்து வந்து தன் இடத்தில், இடமிருந்து நாலாவது, நின்றாள். அண்ணன் தம்பியும் வந்தார்கள், ஒருவன் ஷூவோடு, ஒருவன் இல்லாமல். வரிசையில் லலிதாவும் இன்னொருத்தியும் குனிந்து ஷூ வாரை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

"ஏட்டி, நிமிருங்க! ஒங்கள யாரு கழட்டச் சொன்னா? சளி பிடிச்சா நாளைக்கு ஒங்க அம்மைக்கு யாரு பதில் சொல்ல?"

ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. வரிசை மொத்தமும் நிமிர்ந்தது.

நானும் ஷூவைக் கழற்றவில்லை. எனக்கு அப்படித்தான் பழக்கம்.

எட்டு மணி ஏழு நிமிஷத்துக்குக் கொடி ஏறியது. ஈர இதழ்கள் உதிரவில்லை, கொத்தாக என் தோளில் விழுந்தன. பாட்டு வழக்கம் போல உச்சத்தில் ஆரம்பம், கடைசியில் கத்தல். குஸுமுக்குச் சுருதியே கிடையாது. அது வேறு விஷயம்.

ஜன்னலில் சாவந்த் அசையாமல் நின்றார், பாட்டு முடியும் வரை. பிறகு, கொடியை இறக்கும்போது, வெளியே வந்து மூங்கிலை அவிழ்க்க உதவினார். "மாஜி, இந்த முடிச்சு யாரு போட்டது? பக்கா" என்றார். நான்தான் என்றேன்.

மிட்டாய் எல்லாருக்கும். குஸும் வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை. அவள் இஷ்டம்.

மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரத் தூக்கம்.

16-8-66, செவ்வாய்

வெயில்! கொடியைத் துவைத்து நிழலில் உலர்த்தினேன். என் தையல் பிரியவில்லை. பெட்டியில் வைத்தாயிற்று, புதுப் பாச்சை உருண்டையோடு.

விசாலம் மாமி மூங்கிலுக்கு வந்தாள். நேற்றைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். மூங்கிலைக் கையில் கொடுத்தேன். புரிந்துகொண்டாள்.

சாயங்காலம் பால் டெப்போவுக்கு இறங்கும்போது படியில் குஸும். பள்ளியிலிருந்து வருகிறாள், தோளில் பை, காலில் ஷூ. ஒதுங்கி வழி விட்டாள். நாலு படி இறங்கியிருப்பேன்.

"குட் மார்னிங், ஆஜி."

ஆஜி, மராட்டியில் பாட்டி. மணி நாலரை. திரும்பிப் பார்த்து, "குட் மார்னிங், குஸும்" என்றேன்.