தேவியின் முறை

புதன்கிழமை, இரவு பத்து மணி.

இன்று வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் ஜெபக்கூட்டம். வழக்கம்போல ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசித்தோம். முன்பு பதினெட்டுப் பேர் இருந்தோம். என் தங்கை தேவி தலைகளை எண்ணித் தன் வசனத்தை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவாள். தண்டவாளத்தில் கோச்சி கடந்துபோகும் சத்தத்தில் அதை முணுமுணுத்துப் பழகுவாள். இன்று ஐந்து பேர்தான்.

சிறைபிடிக்கப்பட்டு அந்நிய தேசம் போனவர்களைப் பற்றி எருசலேமில் மிஞ்சியவர்கள் பேசுகிற வசனம் எனக்கு வந்தது. அவர்கள் கடவுளைவிட்டுத் தூரமாய்ப் போனவர்கள், தேசம் எங்களுக்குத்தான் என்கிறார்கள். வாசிக்கும்போதே என் பழைய பேச்சு நினைவுக்கு வந்தது. தேவி கனடாவுக்குப் போகுமுன் இதே ஹோலில் நான் அவளிடம் சொன்னேன்: "கடவுள் கோவத்திலதான் சனத்தைச் சிதறடிக்கிறவர், தெரியுமோ?" அவள் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

வாசித்து முடித்ததும் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பிக் காத்திருந்தேன். அது முன்பு அவள் இருந்த கதிரை.

"பக்கத்தில ஆளில்லை அக்கா, அடுத்ததையும் நீங்களே வாசியுங்கோ" என்றார் போதகர்.

அவர்களைச் சிதறடித்தாலும், போன இடங்களில் நானே அவர்களுக்குப் பரிசுத்த ஸ்தலமாக இருந்தேன் என்று கடவுள் சொல்லும் வசனம் அது. என்னால் முடியவில்லை. புத்தகத்தை அவரிடமே நீட்டிவிட்டேன்.

இத்தனை வருடமும் தீர்ப்பு அவள்மேல் என்றே நினைத்திருந்தேன்.

கனடாவில் இப்போது மத்தியானம், போன் எடுத்துப் பேசலாம். மன்னிப்புக் கேட்டுத் தொடங்க எனக்கு வராது. "தேவி, உன்ர முறை, வாசி" என்று மட்டும் சொல்லலாம்.