வளைவில் சாயாத வண்டி

என் செல்ல மகளுக்கு, அப்பா சொல்ல அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம்தான், என் நெற்றியின் வலது பக்கம் ஒரு புடைப்பு இருக்கிறது, அவ்வளவுதான். உன் அண்ணனுக்கும் அதே பக்கம் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. பதறாதே, போனைத் தூக்காதே, முழுசாகப் படி. போனில் சொன்னால் நீ பாதியில் சிரித்துவிடுவாய், எனக்குக் கோபம் வந்துவிடும், அதனால்தான் கடிதம்.

எங்கிருந்து ஆரம்பிக்க என்று உன் அம்மா கேட்கிறாள். வண்டி வந்த வருஷத்திலிருந்து என்றேன். அது எந்த வருஷம் என்கிறாள். வருஷத்துக்கு நம்பர் எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் சர்க்கஸ்காரர்களின் ஒட்டகம் கயிற்றை அறுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குள் நுழைந்து கவுன்டரில் கழுத்தை நீட்டியதே, அந்த வருஷம். அதே வருஷம்தான் சோப்புக் கம்பெனியில் கொதிகலன் வெடித்துத் தெருச் சாக்கடை முழுக்க நுரை ஓடியது, உன் அண்ணனுக்கு முன்பல் இரண்டும் போய் எல்லாவற்றையும் காற்றோடு சேர்த்துப் பேசினான், நீ பிறந்து இன்னும் குப்புறக்கூட விழவில்லை. பல் டாக்டர் ஒருவர் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விற்கப்போகிறார் என்று காதில் விழுந்தது. இரண்டே கதவு, தரையோடு ஒட்டின உயரம், பின்னால் பேருக்கு ஒரு சீட்டு, அப்போதே அது பழைய வண்டி. லாரி ஓட்டுறவனுக்கு எதுக்குய்யா ஸ்போர்ட்ஸ் காரு என்று எல்லாரும் கேட்டார்கள். நாளெல்லாம் வீட்டுக் கூரை உயரத்தில் உட்கார்ந்து ஊர்ந்துகொண்டே போகிறவனுக்குத்தானே அது வேண்டும், மற்றவனுக்கு எதற்கு. எனக்குக் கையெழுத்துப் போட வராது, அந்த ஆபீசில் போய்ப் பெருவிரலை நீட்டவும் மனசு வரவில்லை, அதனால் வண்டியை உன் அம்மா பேரில் வாங்கினோம். ஓட்டுவது நான், சொந்தக்காரி அவள். அன்றைக்கு அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, போன மாதம் தெரிந்தது.

வண்டிக்கு எல்லாம் சரி, ஸ்பிரிங் மட்டும் அப்போதே சோர்ந்துபோய் இருந்தது. வளைவில் திரும்பினால் தண்ணீர் ஏறின படகு மாதிரி ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்ளும். முதல் நாள் உன் பெரிய மாமா, அவர் உடம்புதான் உனக்குத் தெரியுமே, இடது பக்கம் உட்கார்ந்திருந்தார், வலது வளைவில் வண்டி அவரோடு சேர்ந்து கவிழ்ந்தே விடும்போல இருந்தது. நான் பயத்தில், எல்லாரும் வலது பக்கம் சாயுங்க என்று கத்தினேன், சாய்ந்தார்கள், வண்டி நிமிர்ந்தது. அன்றிலிருந்து அதுவே நம் வீட்டுச் சட்டமாகிவிட்டது. வளைவு வந்தால் நான் வலது என்பேன், இடது என்பேன், வீடே சாயும். நீ பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே சாயக் கற்றுக்கொண்டாய். பள்ளிக்கூட பஸ்ஸில் நீயும் அண்ணனும் மட்டும் வளைவுக்கு வளைவு சாய்ந்து, பிள்ளைகளுக்குக் காதில் ஏதோ கோளாறு என்று டீச்சர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினது நினைவிருக்கிறதா?

நீ கல்யாணமாகிப் போன பிறகு உன் அம்மா அந்த வண்டியில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். இந்த வயசுல என்னால டிரில் எடுக்க முடியாது, கழுத்து பிடிச்சுக்குது, நீங்களே சாஞ்சுக்குங்க என்றாள். சரி, தனியாக ஓட்டினேன், தனியாகச் சாய்ந்தேன், அதில் ஒரு சுவையும் இல்லை. இது இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது போன மாதம் உன் அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். போட்டோ ஸ்டூடியோக்காரர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, சூப்பர் சார், கலர் சூப்பர் என்றார். ஓட்டிப் பார்க்கிறீர்களா என்றேன், எதுக்கு சார் ஓட்டணும் என்றார். ஸ்டூடியோ வாசலில் நிறுத்திவைத்து ஜோடி ஜோடியாக உட்காரவைத்துப் படம் எடுப்பாராம். எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூந்தொட்டி வைப்பாராம். எனக்கு யாரோ என் நெஞ்சைத் திறந்து செடி நடப்போகிற மாதிரி இருந்தது. உன் அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை, நேராக அம்மாவிடம் போய், நீ கையெழுத்துப் போட்டா போதும்மா, அப்பா இந்த வயசுல அந்த வண்டில எங்கயாவது விழுந்து கிடந்தா யார் பாக்குறது என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை, என்னைப் பற்றி அவனுக்கு உள்ள பயம் அது, அதற்காக அவனை நீ திட்டாதே, நான் ஏற்கனவே திட்டிவிட்டேன்.

உன் அம்மா உடனே போடவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. கல்குவாரி வளைவுல நான் சாயாம உட்கார்ந்திருக்க முடியுதான்னு பாக்கிறேன், முடிஞ்சா வண்டி இருக்கட்டும், இல்லேன்னா பூந்தொட்டிதான் என்றாள். கல்குவாரி வளைவு எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், பாம்பு தன் வாலைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி வளையும். (ஏதோ ஒன்று சொல்லி அனுப்பினால் விட்டுவிடுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அம்மா.)

நானாவது விடுவதாவது. மறுநாளே கொட்டாவி மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனேன். கொட்டாவி போய்ச் சேர்ந்து வருஷமாகிறது, இப்போது பட்டறை அவன் மகள் கையில். அப்பன் கொட்டாவி விட்டுக்கொண்டே வேலை செய்வான், இவள் திட்டிக்கொண்டே வேலை செய்வாள். வண்டியைத் தூக்கி நிறுத்தி லைட்டைப் பிடித்து அடியில் பார்த்தவள், பெரியப்பா, இந்த ரப்பர் புஷ்ஷெல்லாம் நமுத்துப்போன பிஸ்கட் மாதிரி இருக்கு, ஷாக் அப்சார்பர்ல எண்ணெயே இல்ல, இதுல நீங்க போனதே அதிசயம், எங்கப்பா ஏன் உங்கள விட்டாரு என்றாள். உன் அப்பனும் கூடச் சாய்ந்துகொண்டுதான் வந்தான் என்றேன். அப்போதுதான், நான் கேட்டு நீ முன்னமே அனுப்பின பார்சலை எடுத்து நீட்டினேன், நாலு புது ஷாக் அப்சார்பரும் பளபளவென்று. இதுவரை உன் அம்மாவிடம் அதை உடற்பயிற்சி சாமான் என்று சொல்லி வைத்திருந்தேன், அவளும் தினமும் துடைத்து என் நடைச் செருப்புக்குப் பக்கத்தில் வைப்பாள். இப்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அவளே எழுதியும் விட்டாள். (பெட்டியின் மேலேயே காரின் படம் போட்டிருந்தது. இவருக்குத்தான் படிக்கத் தெரியாது என்றால் படம் பார்க்கவுமா தெரியாது?)

இருப்பதிலேயே முரட்டு ஸ்பிரிங்காகப் போடு, வண்டி அசையவே கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அவள் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள், கடைசியில் பட்டுத் திருந்தட்டும் என்று போட்டுக் கொடுத்தாள். பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் என் பல்செட் தாளம் போட ஆரம்பித்தது. சாலையில் ஒரு சின்னக் குழி, ஆட்டுக்குட்டி மாதிரி பின்பக்கம் துள்ளி ஒரு முழம் நகர்ந்து விழுந்தது. சாய்கிறதுதான் இல்லை, ஆனால் தரையிலும் இல்லை. திரும்பி வந்தேன். அவள் இடுப்பில் கையை வைத்து நின்றுகொண்டு, சக்கரம் ரோட்டுல இருந்தாத்தானே பெரியப்பா ரோட்டைப் பிடிக்கும், வானத்துல இருந்தா எதைப் பிடிக்கும் என்றாள். பல்செட்டைச் சரி செய்துகொண்டு சிரித்தேன். பிறகு அவள் இஷ்டப்படியே அளவான ஸ்பிரிங், உன் ஷாக் அப்சார்பர், புஷ் எல்லாம் புதுசு, சாய்மானத்தைத் தடுக்கிற குறுக்குக் கம்பி மட்டும் பழையதைவிடத் தடிமனாக. கடைசியாகச் சக்கரங்கள் நேராக நிற்கிறதா என்று பார்த்துத் திருத்தும்போது, ஆள் உட்கார்ந்திருக்கிற கனத்தோடு பார்த்தால்தான் சரியாக வரும் என்று என்னை ஓட்டுகிற சீட்டில் உட்காரவைத்துவிட்டு, பெரியம்மா என்ன எடை இருப்பாங்க, அவ்வளவுக்கு மணல் மூட்டை வைக்கணும் என்று கேட்டாள். நானும் என் கணக்குக்குச் சொன்னேன். எத்தனை மூட்டை வைத்தோம் என்பதை இங்கே சொன்னேன், உன் அம்மா எழுத மறுக்கிறாள். (அவ்வளவு இல்லை.)

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். நான் ஓட்ட, அம்மா பக்கத்தில், உன் அண்ணன் சாட்சி சொல்ல வேண்டும் என்று பின் சீட்டில் முழங்காலைத் தாடையில் முட்டிக்கொண்டு. வண்டி என்றால் வண்டி, ஸ்டியரிங்கை விரலால் தொட்டால் போதும், நினைத்த இடத்துக்குப் போகிறது, குழியில் இறங்கினால் மெத்தையில் உட்கார்ந்தது மாதிரி ஒரே அமுங்கல், அதோடு சரி. உன் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், திட்டவில்லை என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கல்குவாரி வளைவு வந்தது. பூந்தொட்டி கண்ணில் தெரிந்தது. வளைவுக்குள் வண்டியை விட்டேன், அது தரையில் பசை போட்டு ஒட்டின மாதிரி நேராக நின்று திரும்ப ஆரம்பித்தது, அந்த நேரம் பார்த்து என் பாழாய்ப்போன வாய் தானாகத் திறந்து, வலது என்று கத்திவிட்டது.

அவ்வளவுதான். மூன்று பேரும் சாய்ந்தோம். வண்டி சாயவில்லை, நாங்கள் சாய்ந்தோம். என் தலை ஜன்னல் கம்பத்தில் மோதியது, பின்னால் உன் அண்ணன் தலை இன்னொரு கம்பத்தில், இரண்டும் ஒரே சத்தம். உன் அம்மா அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கை மேல் விழுந்தாள். வண்டி பழையபடி இருந்திருந்தால் ஸ்டியரிங்கை அவ்வளவு இழுத்தும் யோசித்துத்தான் திரும்பியிருக்கும், இது சொன்ன பேச்சு கேட்கிற வண்டியாயிற்றே, உடனே சாலையைத் தாண்டி எதிர்ப் பக்கத்துக்கே பாய்ந்துவிட்டது. எதிரே ஒன்றும் வரவில்லை, யார் செய்த புண்ணியமோ. பதறிப் போய்த் திருப்பினேன், அதே வேகத்தில் திரும்பி ஓர் ஆட்டம் இல்லாமல் தன் பாதையில் வந்து நின்றது. ஓரமாக நிறுத்தினேன். உன் அண்ணன்தான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, அம்மா சாஞ்சுட்டாங்க, அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டுற வேண்டியதுதான் என்றான். உன் அம்மா பின்னால் திரும்பி, நீ ஏன்டா சாஞ்சே என்றாள். ஆபீசில் இத்தனை பேரை மேய்க்கிறவன், நரைத்த மீசைக்காரன், அப்பன் ஒரு வார்த்தை கத்தினதும் சாய்ந்துவிட்டான். முதலில் அவள் சிரித்தாள், அப்புறம் அவன், அப்புறம் நான், வலியோடு.

சிரித்து முடித்துப் புடவையைச் சரிசெய்துகொண்டு, வண்டி ஒழுங்காத்தான் இருக்கு, ஓட்டுறவருக்குத்தான் ஸ்பிரிங் மாத்தணும் என்றாள். அப்புறம், திருப்புங்க, மறுபடி போவோம், இந்தத் தடவை வாயைத் திறக்கக் கூடாது என்றாள். திருப்பிக்கொண்டு போய் மறுபடியும் வந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், செட்டு உடைந்தாலும் பரவாயில்லை என்று. உன் அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். கல்குவாரி பக்கத்தில் வந்து பின்னால் போனது. கொஞ்ச தூரம் போன பிறகு, எங்க அந்த வளைவு, இன்னும் வரலையா என்று கேட்டாள். தாண்டிப் போய் ரொம்ப நேரமாச்சும்மா என்றான் உன் அண்ணன். ஸ்டூடியோக்காரருக்கு அவனே போன் போட்டு வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். அதோடு, நானும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமாப்பா என்று கேட்டான், பார்க்கலாம் என்று கொஞ்சம் பிகு செய்துகொண்டிருக்கிறேன்.

வண்டி இருக்கட்டும் என்று சொந்தக்காரி சொல்லியாயிற்று, ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், அவள் பக்கத்தில் இல்லாமல் நான் தனியாக அதை எடுக்கக் கூடாதாம். எனக்குக் கசக்குமா என்ன, சரி என்றேன்.

உன் வண்டிக்கும் சக்கரத்தில் காற்றுப் பார், கடைக்காரன் பார்த்தான் என்று விட்டுவிடாதே, நீ பார். ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு ஓட்டாதே. குட்டியைப் பின் சீட்டில் பெல்ட் போட்டே உட்காரவை, அவளுக்குச் சாயக் கற்றுக்கொடுக்காதே, அந்த வித்தை நம்மோடு போகட்டும். நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல், போன இடமெல்லாம் நல்லதாகவே நடந்து, போன மாதிரியே வீடு திரும்ப வேண்டும். கொட்டாவி மகளுக்கு நீ ஒரு நல்ல ஸ்பானர் செட் வாங்கி அனுப்ப வேண்டும், மறந்துவிடாதே, நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் கடைவீதிக்கு அதில் போனோம். கொஞ்சம் வேகம் எடுத்தேன். மெதுவாப் போங்க, யாரு துரத்துறா என்றாள். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த லாரி முதலாளி அப்படிச் சொல்வார், அவர் போய்விட்டார். என் அப்பா சைக்கிளிலேயே அப்படி அதட்டுவார், அவர் போய் எவ்வளவோ காலம். உன் பெரிய மாமா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், கொட்டாவி கொட்டாவிக்கு நடுவில் சொல்வான், அவர்களும் இல்லை. என்னை மெதுவாகப் போகச் சொல்கிற உரிமை உள்ளவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள்தான். இதை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். எழுது, உன் அம்மா என்று எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா