கலியாணம் முடியும் வரை

செப். 15, திங்கள். விட்பி, கனடா

காலை முழுக்கத் தூறல். மகளின் கலியாணம் நேற்று முடிந்தது. கார் டிக்கியில் மிச்ச மாலைகள், இரண்டு பெட்டி லட்டு. இறக்கும்போது இங்கிலாந்திலிருந்து போன். குகன். என் அண்ணை சிவாவின் வீட்டில் அறை எடுத்து இருப்பவன்.

"அண்ணை, சிவா அண்ணை மோசம் போயிட்டார். புதன்கிழமை, வீட்டிலதான் உயிர் போனது. நீங்கள் சொன்னபடியால்தான் பேசாமல் இருந்தனான்."

ஓம், சொன்னது நான்தான். போன மாதம் அண்ணை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. கலியாணம் முடியும் வரை எது நடந்தாலும் எனக்குச் சொல்லாதே என்று. சாவு தெரிந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, நல்ல காரியம் ஆகாது. தாரை வார்க்க முடியாது. முந்நூறு பேருக்குக் கார்ட் கொடுத்தாயிற்று. காதில் விழாவிட்டால் துடக்கு இல்லை என்று ஐயர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

செப். 17, புதன்

கா. 7 மணிக்கு இங்கிலாந்தில் இறங்கி, பிறகு ரயிலில் இரண்டு மணித்தியாலம். நல்ல வெயில். அண்ணை இருந்த ஊர் சின்னது. ஒரு கடைத்தெரு, ஒரு சேர்ச், ஒரு ஆறு, மிச்சமெல்லாம் மரம். தெருவுக்கு மேலே கொப்புகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கின்றன. "வந்து பாரடா, ஊர் முழுக்க மரம்." முப்பது வருடமாக அண்ணைக்குப் போனில் இதே கதை. அடுத்த கோடை, அடுத்த கோடை என்று நானும் முப்பது வருடம்.

அவரது அறையில்:
ஒற்றைக் கட்டில்
சேறு காய்ந்த சப்பாத்து
மருந்துக் குளிசைப் பெட்டி, செவ்வாய் வரை வெறுமை
மகளின் கலியாணக் கார்ட், தலைமாட்டில்
புது வேட்டி, ஸ்டிக்கர் கழற்றவில்லை

"கலியாணத்தை லைவில பார்க்கேக்க கட்டவெண்டு வாங்கினவர்," என்றான் குகன்.

செப். 19, வெள்ளி

தகனம். இங்கே கொள்ளி இல்லை, பொத்தான். அழுத்தினேன். ஒன்பது பேர், தமிழர் நானும் குகனும்தான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி தன் தோட்டத்து அப்பிள் ஒரு பை கொண்டுவந்தாள். ஒவ்வொரு வருடமும் அண்ணைதான் பிடுங்கிக் கொடுப்பாராம். நீதானா அந்தத் தம்பி என்று கேட்டாள். அந்தத் தம்பி. என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பாரோ.

செப். 20, சனி

அண்ணையின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவர் நடக்கும் பாதையில் போனேன். அளவு சரி. வயல் ஓரம், செம்மறிகள், மரக் கேற். மேட்டில் ஆட்கள் இருக்க ஒரு மர வாங்கு. அங்கிருந்து பார்த்தால் வீடுகளே தெரியவில்லை, மரமும் சேர்ச் கோபுரமும்தான். இருந்து அழுதேன். யாருடையதோ நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போனது. ஜக்கெற் பொக்கெற்றில் கலியாண லட்டு ஒன்று. தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

செப். 21, ஞாயிறு

மழை. குகனின் காரில் எயர்போர்ட். கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டேன்.

"கடைசியில என்னைப் பற்றி ஏதும் கேட்டவரோ?"

"இல்லை அண்ணை. அவருக்குத்தான் தெரியுமே. நீங்கள் சொல்லாதே எண்டு அண்டைக்குப் போன் எடுக்கேக்க நான் ஆஸ்பத்திரியில அவற்ற கட்டிலடியில நிண்டனான். போன் ஸ்பீக்கரில கிடந்தது."

"நான் சொன்னதெல்லாம் அவருக்குக் கேட்டதோ?"

"ஓம். தம்பி சொன்னமாதிரிச் செய் எண்டார். பிறகு ஒவ்வொரு நாளும் கேட்பார், கலியாணத்துக்கு இன்னும் எத்தினை நாள் கிடக்கு எண்டு. செவ்வாய் பின்னேரமும் கேட்டவர். அஞ்சு நாள் எண்டு சொன்னனான்."

செப். 22, திங்கள். விட்பி

குளிர் தொடங்கிவிட்டது. கலியாண வீடியோ வந்திருக்கிறது. திறக்கவில்லை. மனைவி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"ஊர் எப்பிடி?"

"நல்ல ஊர். முழுக்க மரம்."