சுவையில்லாத பொடி

மார்ச் 4, செவ்வாய்

இரண்டாவது கீமோ முடிந்தது. வாந்தி இல்லை. ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது எதிர்ச்சுவரின் இளமஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரிந்தன. வெயில் என்று சொல்லிக்கொண்டேன். பெயிண்ட் ஆலையில் இருபத்தெட்டு வருடமாக நிறம் ஒப்பிடுகிறவள் – யாரை ஏமாற்றுகிறேன்?

மார்ச் 6

கண் டாக்டரிடம் சொன்னேன். கீமோ மருந்து சிலருக்கு விழித்திரையைத் தொடுமாம். ஓர் அமினோ அமிலம் அதைத் தடுக்குமா என்று ஆய்வு செய்கிறார்கள். தினமும் ஒரு பொட்டலம், தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். பாதிப் பேருக்கு அது, மீதிப் பேருக்கு வெறும் மாவு. "யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதும்மா. பலன் இருக்கும்னும் சொல்ல முடியாது."

கையெழுத்துப் போட்டேன். மகள் போனில், "மாவு குடிக்கவா இவ்வளவு தூரம் அலையிறே?" என்றாள்.

மார்ச் 11

மருந்து ஏற்றும் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவரும் இந்த ஆய்வில் இருக்கிறார். எங்கள் ஆலை வழியாகப் பதினோரு வருடம் ஓட்டினாராம். "சாயங்காலம் ஏறுற உங்க ஆளுங்க கையைப் பார்த்தே அன்னிக்கு என்ன கலர் ஓடுச்சுன்னு சொல்லிடுவேன்." சிரித்தேன். எத்தனை நாளாயிற்று.

அந்தப் பேருந்தின் கடைசி இருக்கையில்தான் என் வீட்டுக்காரர் முதன்முதலாக என்னிடம் பேசினார். அவர் கலக்கிய சாம்பல் நிறத்தை அன்று மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தேன். "கண்ணுல தராசு வச்சிருக்கீங்களா?" கோபமாகத்தான் கேட்டார். மறுநாள் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். அவர் போய் ஆறு வருடம்.

ஏப்ரல் 1

"என் பொடி லேசா புளிக்குது. உன்னுது?" என்றார் ஓட்டுநர்.

"சப்புன்னு இருக்குண்ணா."

அவர் முகம் மாறியது. நான் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகுதான் – மாவுதான். எனக்குன்னு பார்த்து மாவு.

ஏப்ரல் 8

தன் பொட்டலப் பெட்டியையே கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டார். "மாத்திக்கலாம் தங்கச்சி. நான் ஓட்டி முடிச்சாச்சு. உனக்கு இன்னும் கண்ணு வேணும்."

ஏன் பொய் சொல்லவேண்டும், கை நீண்டது. ஆனால் அவர் கண்ணும் கண்தானே? அதோடு, மாற்றினால் ஆய்வும் கெடும்; மாதிரியில் ஒரு துளி வேறு நிறம் கலந்தாலும் அது மாதிரியே இல்லை என்று ஆலையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"வேணாம்ணா. நீங்களே குடிங்க."

"பிடிவாதக்காரி."

ஏப்ரல் 9

மாற்றியிருக்கலாமோ?

மே 20

கடைசி கீமோ. வந்ததும் அலமாரியைத் திறந்து என் வீட்டுக்காரரின் சட்டையை எடுத்தேன். அவர் அதை நீலம் என்பார், நான் பச்சை என்பேன். கல்யாண நாளன்றுகூட அதற்காகச் சண்டை. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். பச்சைதான். எதிர்த்துப் பேச ஆளில்லை. மடித்து வைக்க மனம் வரவில்லை.

ஜூலை 15

யாருக்கு எது என்று இன்று சொன்னார்கள். என் கண் ஏறக்குறைய பழையபடி இருக்கிறது. ஓட்டுநருக்கு நடுப்பார்வை மங்கிவிட்டது. எழுத்துகள் கலைகின்றன.

எனக்குக் கொடுத்தது அமினோ அமிலம். மாவு அவருக்கு.

"அப்ப அந்தப் புளிப்பு?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே சுவைதான்மா. கீமோவுல நாக்கு அப்படி ஏமாத்தும்" என்றார் டாக்டர். எங்கள் இருவரை மட்டும் வைத்து எதுவும் முடிவுகட்ட முடியாது, எல்லோருடைய பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். சரிதான். ஆனால் எனக்கு இரண்டு பேர்தான் தெரியும்.

அன்று மாற்றியிருந்தால், அவர் இப்போது படித்துக்கொண்டிருப்பாரோ?

ஓட்டுநர், "நல்லவேளை, நீ மாத்திக்கலை" என்றார். நான்தான் அழுதேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆலைக்குப் போகத் தொடங்கி ஒரு வாரம். இது ஓட்டுநர் வீட்டில் மூன்றாவது ஞாயிறு. செய்தித்தாளை விளம்பரம் விடாமல் வாசிக்கச் சொல்கிறார். இன்று விளையாட்டுப் பக்கத்திலேயே கண்ணயர்ந்துவிட்டார்.

"போதும்மா, தூங்கிட்டாரு" என்றார் அவர் மனைவி.

"இருக்கட்டும் அண்ணி, இன்னும் ஒரு பக்கம்தான்" என்று சொல்லி, குரலைத் தாழ்த்தி வாசித்தேன்.