மறுதேர்வுக்கு முன் ஆய்வக அலமாரியைத் திறந்துவிடக் கோரி

அனுப்புநர்:
வ. சத்யபாமா, பி.எஸ்ஸி. (வேதியியல்),
பகுதிநேரப் பயிற்றுநர்,
நதிக்கரைச் சமுதாயக் கல்லூரி,
க்யிம்யிண்டைங், யாங்கோன்.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
நதிக்கரைக் கல்வி அறக்கட்டளை,
மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கோன்.

பொருள்: பல்கலைக்கழக அறிவியல் பட்ட வகுப்புக்கு நேராக மூன்றாம் ஆண்டில் மாற்றுச் சேர்க்கை கோரும் நம் மாணவர்கள் ஆய்வகக் கருவிகளைத் தொட அனுமதி மறுக்கப்படுவது குறித்த புகார்.

மதிப்பிற்குரிய செயலர் ஐயா,

1. நேரில் பேச எனக்கு வராது. போன வாரம் தங்கள் அலுவலகத்துக்கு வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனவள் நான்தான். ஆகவே எழுதுகிறேன்.

2. என் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இரண்டு ஆண்டு நம் கல்லூரியில் படித்து, செய்முறைத் தேர்வில் தேறி, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்தேன். எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் பட்டத்துக்குப் போக இந்த நகரத்தில் வேறு வழி இல்லை. அந்த வழியைத் திறந்தது தங்கள் அறக்கட்டளை. அதற்கு நான் நன்றி உள்ளவள். இப்போது அதை அடைப்பதும் தங்கள் அறக்கட்டளைதான்.

3. நாங்கள் படித்தபோது ஆய்வகத்தில் நல்ல பொருள் ஒன்றும் இல்லை. வாய் உடைந்த குடுவைகள், கோடு அழிந்த பியூரெட், ஒரு கால் ஆடும் தராசு. ஆனால் அவற்றை நாங்கள் தொட்டோம். பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் திருகை நிறுத்தக் கை பழகியது.

4. சென்ற ஆண்டு பினாங்கில் வசிக்கும் திருமதி ரத்தினம்மாள் அவர்கள் புதிய கருவிகள் முழுவதும் வாங்கிக் கொடுத்தார்கள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி வந்தது. கதவில் கொடையாளர் பெயர் எழுதப்பட்டது. பழைய பொருட்களைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்கள். செய்முறை வகுப்பு இரண்டாம் ஆண்டில்தான்; ஆகவே இப்போதைய மாணவர்கள் பழையதையும் தொட்டதில்லை. சரஸ்வதி பூஜை அன்று புதிய கருவிகளுக்குப் பொட்டு வைத்தோம். நானும் வைத்தேன், மறுக்கவில்லை. ஆனால் யாரோ நுண்ணோக்கியின் கண் வைக்கும் வில்லையிலேயே சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பிவிட்டார்கள். துடைக்கப் போனேன். பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்றார் பொருட்காப்பாளர், எல்லோரும் மரியாதையாக ‘ஊ’ சேர்த்து அழைக்கும் ஊ தங்கவேலு. அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். சந்தனம் அப்படியே காய்ந்து வெடித்திருக்கிறது. பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் எடுத்துப் படித்தே ஆக வேண்டும் என்பது நம் வீடுகளில் வழக்கம், ஐயா. நம் ஆய்வகத்தில் மட்டும் அந்த மறுநாள் இன்னும் வரவில்லை.

5. ஒரே ஒருமுறை அலமாரி திறந்தது. அறிமுகப் புத்தகத்துக்குப் படம் எடுக்க மாணவர்களுக்கு வெள்ளை அங்கி மாட்டி, குடுவைகளில் கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றிக் கையில் கொடுத்தார்கள். படம் எடுத்ததும் அங்கியையும் குடுவையையும் வாங்கி வைத்துவிட்டார்கள். “அக்கா, அடுத்து உண்டியல் வைப்பாங்க பாருங்க” என்றான் மாணவன் பிரான்சிஸ். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

6. ஜூலையில் பிரான்சிஸும் அவனோடு படிக்கும் பவானியும் பல்கலைக்கழகத்தின் செய்முறைத் தேர்வுக்குப் போனார்கள்; துணைக்கு நானும் போனேன். எழுத்துத் தேர்வில் இருவருக்கும் நல்ல மதிப்பெண். பவானி லைங் தாயாவில் தையல் ஆலையில் வேலை செய்கிறாள். மின்சாரம் இல்லாத நாட்களில் கைபேசி வெளிச்சத்தில் படித்தவள். பியூரெட்டின் திருகை அவள் ஒரேயடியாகத் திறந்துவிட்டாள். அமிலம் முழுவதும் மேசையில் கொட்டியது. தேர்வாளராக இருந்த ஆசிரியை, அந்தச் சயாமா, கோபப்படவில்லை. இதை இதற்கு முன்னால் தொட்டதே இல்லையா என்று கேட்டார். இல்லை என்று பவானி உண்மையைச் சொன்னாள். பிரான்சிஸ் கருவியை எடுத்துப் பொருத்தவே தெரியாமல் நின்றான். இருவருக்கும் தோல்வி. திரும்பும் பஸ்ஸில் அவள் சொன்னது: “கணக்கெல்லாம் தெரியும் அக்கா. அந்தத் திருகு எந்தப் பக்கம்னுதான் தெரியல.”

7. இதை ஊ தங்கவேலுவிடம் சொன்னேன். அவர் பதில் இது: “ஏம்மா, புள்ளைங்க கைய வச்சா கண்ணாடி தங்குமா? அந்தம்மா தீபாவளிக்கு வர்றாங்க. குடுத்தது குடுத்தபடி இருக்க வேணாமா? நீதான் படிச்சு முடிச்சிட்டியே, உனக்கு எதுக்கு இந்த வம்பு?” இப்போது பதில் எழுதுகிறேன். கண்ணாடி உடையும். கற்கிறவர் கையில் எல்லா ஊரிலும் உடைகிறது. அதற்காகத்தான் அது வாங்கப்பட்டது. உடையாமல் இருக்க வேண்டியது அலமாரியா, பவானியின் படிப்பா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

8. மறுதேர்வு ஆகஸ்ட் 30 அன்று. அதற்குப் பிறகு வாய்ப்பு இல்லை. அதிலும் தோற்றால் மலேசியாவில் வீட்டு வேலைக்கு அனுப்ப பவானி வீட்டில் முகவரிடம் பேசி வைத்திருக்கிறார்கள்.

9. ஆகவே கேட்பவை இவை. வரும் சனிக்கிழமை (ஆகஸ்ட் 16) காலை முதல் மறுதேர்வு வரை அலமாரிச் சாவி என்னிடம் இருக்க வேண்டும். அந்த வில்லையைத் துடைக்க அனுமதி வேண்டும். கண்ணாடி உடைந்தால் மாணவர் மீது பழி போடமாட்டோம் என்று எழுத்தில் வேண்டும்.

கல்லூரி வாசலில் என் பட்டமளிப்புப் படத்தை மாட்டி, ‘எங்கள் திட்டத்தின் வெற்றி’ என்று எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை சாவி வராவிட்டால் அந்தப் படத்தை நானே கழற்றிக்கொள்வேன். புதிதாகச் சேர வரும் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல்கலைக்கழகத் துறைத் தலைவருக்கும் எழுதுவேன். மின்விசிறியைப் போடக்கூட நாலு பேரைக் கேட்கிறவள் நான். ஆனால் தோற்றது பவானியும் பிரான்சிஸும் இல்லை, நாம்தான் என்று எழுத எனக்குக் கூச்சம் இருக்காது.

சனிக்கிழமைக்குள் எழுத்துமூலமான உத்தரவை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
வ. சத்யபாமா

இடம்: யாங்கோன்
நாள்: 9 ஆகஸ்ட் 2025

நகல்: கொடையாளர் திருமதி ரத்தினம்மாள் அவர்கள், பினாங்கு. தங்கள் கொடை எப்படி இருக்கிறது என்ற தகவலுக்காக.