ஐந்தாவது வரி

திங்கள், 2ஆம் திகதி

சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. அச்சுக் கடை முழுக்க மண். கீபோர்டை இரண்டு தரம் துடைத்தாயிற்று.

மாகாண சபைக்குக் கேட்கும் வேட்பாளர் (இனி வே.) வந்தார். 'எனது நிலைப்பாடுகள்' என்று ஒரு நோட்டீஸ் வேண்டுமாம். அவர் சொல்ல நான் அடித்தது:

1. இழுவைப் படகுகளுக்கு முற்றாகத் தடை.
2. இழுவைப் படகில் வரும் இந்தியச் சகோதரர்களோடு நல்லுறவு.
3. நறுவிலிக்குளம் வயல்களுக்குத் தண்ணீர்.
4. வெள்ளாங்குளத்துக்கு பஸ்.
5. இராணுவ முகாம்களுக்குள் போன காணிகளை ஒரு வருடத்தில் மீட்டே தீருவேன்.

"ஒண்டும் ரெண்டும் இடிக்குதே, சேர்."

"ஒண்டு கரையில வாசிக்க. ரெண்டு ரவுன் கடைத்தெருவில வாசிக்க."

வெட்கம் கெட்ட மனிதர். ஆனாலும் ஐந்தை அடித்துவிட்டு இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். எங்கள் வீடும் கிணறும் அந்த வேலிக்குள்தான். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

செவ்வாய், 3

வே. மறுபடியும். "படம் சின்னனாக் கிடக்கு, தங்கச்சி." பெரிதாக்கினேன். "ஐஞ்சைக் கொஞ்சம் மெதுவாக்குங்கோ." 'மீட்க முயற்சி எடுப்பேன்' ஆயிற்று.

மத்தியானம் பாண். சம்பலில் உப்பே இல்லை.

வியாழன், 5

படம் இன்னும் பெரிது. "முயற்சி எண்டாலும் சனம் பிடிச்சுக் கேக்கும்" என்றார். இப்போது: 'காணி விடயம் கவனத்தில் எடுக்கப்படும்.' யார் எடுப்பார்? கேட்டேன். சிரித்தார். அதே சிரிப்புத்தான் படத்திலும்.

வெள்ளி, 6

கும்பிட்ட கையோடு புதுப் படம். அரைப் பக்கம். ஐந்துக்கு இடமில்லை.

"காணியை வெட்டிவிடுங்கோ. படத்தில கை வைக்காதேங்கோ."

போர் முடிந்தும் விடாத காணியை இவர் ஒரு நிமிடத்தில் வெட்டச் சொல்கிறார்.

முதலாளி மாதா கோயில் நவநாளுக்குப் போய்விட்டார். பழைய ஐந்தை, முதல் நாள் சொன்னபடியே, படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் திரும்ப வைத்தேன். ஆயிரம் பிரதி. வே. வந்து ஒன்றை எடுத்துத் தன் முகத்தை மட்டும் பார்த்தார். "வடிவு" என்றார். காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஞாயிறு, 8

பூசை முடிந்து தலைமன்னாரில் கூட்டம். எங்கள் ஊர்ச் சனம் பாதி இப்போது அங்கேதான். முன்வரிசைக் கதிரையில் அம்மா.

மனப்பாடமாக ஒன்றும் தெரியாது வே.வுக்கு. நோட்டீஸைப் பார்த்தே வாசித்தார். ஒன்று. இரண்டைத் தாண்டினார், கரை அல்லவா. மூன்று, நான்கு. ஐந்தில் தடக்கினார். "ஒரு வருடத்தில்... மீட்டே... தீருவேன்." ஒரே கைதட்டல். நிமிர்ந்து பார்த்தார். உரத்து இன்னொரு தரம். மேசையில் குத்தி மூன்றாம் தரம். சொந்த நோட்டீஸை அன்றுதான் முதன்முதல் வாசிக்கிறார்! சிரிப்பை அடக்கப் பட்ட பாடு.

திங்கள், 9

ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். வே. வந்தார்.

"தங்கச்சி, ஐஞ்சு நல்லா எடுபடுது. இன்னும் ரெண்டாயிரம் அடியுங்கோ. எழுத்தைப் பெரிசாப் போடுங்கோ." வாசலில் திரும்பி: "அது சரி, எந்தக் காணி அது?"

துப்ப வாயில் எச்சில்கூட இல்லை.

வீட்டுக்கு வந்தால் கட்டிலில் டிரங்குப் பெட்டி திறந்து கிடக்கிறது. அம்மா மடியில் காணி உறுதிப் பத்திரம், பொலித்தீன் பையோடு.

"பத்துக் கொப்பி எடுத்துக்கொண்டு வா பிள்ளை. வருசத்துக்குள்ள விடுவினமாம்."

"ஆர் சொன்னது?"

"நீயும் கேட்டனிதானே. மூண்டு தரம் சொன்னவர். நோட்டீஸிலயும் கிடக்கு." நோட்டீஸை மடித்து உறுதிக்குள் வைத்திருக்கிறார். கிணறு இறைக்க எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டார்.

உறுதியை வாங்கி என் பையில் வைத்தேன். அந்த வரியை வே. வெட்டித்தான் விட்டார். அச்சடித்தவள் நான்.

செவ்வாய், 10

காற்று அப்படியே. உறுதியைப் பத்துப் பிரதி எடுத்தேன். தெளிவாக வந்திருக்கிறது.